பாலிதீன் உறை போட்ட விளக்கு

என் பிடிவாதக்கார அப்பாவுக்கு,

மயிலாப்பூர் வீட்டில் எல்லோரும் நலம். அம்மா காலையில் பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் காபி கலந்துவிட்டு, இரண்டையும் தானே குடித்துவிடுகிறாள். தம்பி கேபிள் கனெக்‌ஷன் வாங்கிவிட்டான். நீங்கள் இருந்திருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும்.

பாண்டி பஜாரில் நான் வாங்கி வந்த அந்த விளக்கைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பித்தளைக் கால், பால் நிறக் கண்ணாடிக் குடை. சார்ஜ் போட்டு வைத்தால் போதும், ஒயர் இல்லாமல் வீட்டில் எங்கே வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம். கரண்ட் போனால் நீங்கள் மெழுகுவத்திப் பக்கம் பேப்பரைச் சாய்த்துக் கண்ணைச் சுருக்குவதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் வாங்கினேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? குடைமேல் இருந்த பாலிதீன் உறையைக்கூடக் கழற்றாமல் ஷோகேஸில் வைத்தீர்கள். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் "பெரிய பொண்ணு வாங்கிக் குடுத்தது" என்று காட்டினீர்கள். பால்காரர்கூடப் பார்த்துவிட்டார். அது எரிந்து பார்த்தவர்தான் யாருமில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் வந்திருந்தபோது கரண்ட் போனது. நீங்கள் எழுந்து மெழுகுவத்தியைத் தேடினீர்கள். எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"கொலுவுல வைக்கவா வாங்கிக் குடுத்தேன்? பிடிக்கலேன்னா சொல்லிடுங்கப்பா. வேற யாருக்காவது குடுத்துடறேன்."

நீங்கள் தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் அடையாறு பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டேன். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வருவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

காரியம் முடிந்த மறுநாள், விளக்கு வைக்கிற நேரத்தில் மறுபடி கரண்ட் போனது. வீட்டில் மெழுகுவத்தி தீர்ந்திருந்தது. சும்மா கிடந்த பாட்டரி இத்தனை மாதத்தில் செத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான் ஷோகேஸைத் திறந்தேன். பொத்தானை அழுத்தியதும் கூடம் முழுக்க வெளிச்சம். அம்மா கைகூப்பிக் கும்பிட்டாள்.

"எரியாம என்ன? உங்கப்பா பதினஞ்சு நாளைக்கு ஒருதரம் சார்ஜ் போடாம இருந்ததே இல்லையே" என்றாள்.

உபயோகிக்காவிட்டாலும் பதினைந்து நாளுக்கு ஒருமுறை சார்ஜ் போட வேண்டும் என்று பெட்டியில் வந்த தாளில் இருந்ததாம். நாள் தவறிவிடக் கூடாதென்று நீங்கள் அதை அமாவாசை, பௌர்ணமி என்று வைத்துக்கொண்டீர்களாம். காலண்டரை எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றின் பக்கத்திலும் பென்சிலில் 'லைட்' என்று எழுதியிருந்தது. நான் கத்திவிட்டுப் போன மூன்றாம் நாள் பௌர்ணமி. அதன் பக்கத்திலும் இருந்தது.

ஏம்ப்பா, அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொன்னாலும் நான் காதில் வாங்கியிருப்பேனா? மன்னிச்சிடுங்கப்பா.

உறையைக் கழற்றிவிட்டேன். அம்மா விளக்கைச் சமையலறைக்கெல்லாம் தூக்கிக்கொண்டு போகிறாள். குடையில் மஞ்சள் விரல் பதிந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இன்றைக்கு அமாவாசை. காலையில் தம்பி உங்களுக்கு எள்ளும் தண்ணீரும் விட்டான். பெண்ணுக்கு அதில் வேலை இல்லையாம். ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் எழுந்ததும் உள்ளே போய் விளக்குக்கு சார்ஜ் போட்டேன். காலண்டரில் உங்கள் பென்சிலாலேயே 'லைட்' என்று எழுதினேன்.

இனி ஒரு அமாவாசையும் தவறாது அப்பா.

உங்கள் பெரிய பொண்ணு,
கௌரி