தீப்பிடிக்காத காகித வால்

அரேகிப்பா
3 ஜூன் 1974

என் கோபக்காரி டோரிலாவுக்கு,

இத்தனை மாதம் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டு இப்போது எழுதுகிறேன். அடுப்பில் போடுவதற்கு முன் கொஞ்சமாவது படித்துவிடு.

உடம்புக்கு ஒன்றுமில்லை. குளிர்தான் எலும்பைக் கடிக்கிறது. ஓட்டலில் சுற்றுலாக்காரர்களுக்காக ஆடுகிறேன். மேளம் ஒரு பக்கம் போகிறது, அவர்கள் கைதட்டு இன்னொரு பக்கம் போகிறது. மாட்டு இதயத்தைக் கம்பியில் குத்திச் சுட்டது என்று ஒன்றைத் தட்டில் வைக்கிறார்கள். செருப்புத் தோல் தேவலாம். நீ மிளகாய் விழுதில் ஊறவைத்துச் சுடுவதைத் தின்ற நாக்கு இதை எப்படித் தின்னும், சொல்லு.

ஜூலை 12 உன் பிறந்தநாள். வழக்கம்போல முந்தின இரவே பாட்டும் கூத்தும் தொடங்கிவிடும். நான் வரட்டுமா? வந்தால் எல்லார் முன்னாலும் உன்னோடு மெழுகுவத்தி ஆட்டம் ஆட வேண்டும். இருபது வருடமாக எத்தனை பேர் மெழுகுவத்தியைப் பிடித்துக்கொண்டு உன் பின்னால் சுற்றியிருக்கிறோம்! உன் இடுப்பில் தொங்கும் காகித வாலில் ஒருத்தனாவது நெருப்பு வைத்தானா? நீதான் இடுப்பை ஒரு வெட்டு வெட்டிச் சுடரை அணைத்துவிடுவாயே. எனக்கு இன்னொரு முறை ஆட இடம் கொடு. பற்றினால் நம் வீட்டோடு இருந்துவிடுகிறேன். பற்றாவிட்டால் போய்விடுகிறேன். தீர்ப்பு உன் இடுப்பில்.

திட்டியாவது பதில் எழுது.

உன்
அபெலினோ

---

ரீமாக், லிமா
11 ஜூன் 1974

அபெலினோ,

நலமா என்று கேட்க எனக்கு மனமில்லை. நன்றாகத்தான் இருப்பாய்.

நம் பாட்டுக்கூடத்தில் ராத்திரி கதவைப் பூட்டிச் சாவியை நான் ரவிக்கைக்குள் போட்டுக்கொண்டால், விடிந்து கோழிக் கஞ்சி குடிக்காமல் ஒரு விருந்தாளியும் வெளியே போனதில்லை. வீட்டுக்காரன் நீ, போன அக்டோபரில் கூரையேறிக் குதித்துப் பூனை மாதிரி ஓடினாய். கிதார்க்கார இசிட்ரோ ஐயா தந்தியில் வைத்த கையை எடுக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ராத்திரி எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

தங்கை செனோபியா நீ எழுதியதைக் கேட்டுவிட்டு, "பட்ட கால்லயே படும்க்கா. அந்தாளு வந்தா கதவத் தொறக்காத" என்கிறாள். "நீ வாய மூடிக்கிட்டு வெங்காயத்த நறுக்குடி" என்றேன். ஆனால் ராத்திரி எனக்கும் தூக்கமில்லை.

ஒன்று கேட்கிறேன். அரேகிப்பாவிலிருந்து சரக்கு ஏற்றி வந்த லாரிக்காரன் உனக்கு அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போனான். பொய்யென்றால் வா. மெய்யென்றால் வராதே. அவ்வளவுதான்.

வந்தால் கதவைப் பூட்டுவேன். கூரைப் பக்கம் பார்த்தாய் என்றால் காலை ஒடிப்பேன். பற்றவிடுவேனா மாட்டேனா என்று இப்போதே கேட்காதே. எனக்கே தெரியவில்லை.

டோரிலா

---

அரேகிப்பா
20 ஜூன் 1974

டோரிலாக் கண்ணே,

உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா? லாரிக்காரன் பேச்சையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளாதே.

வருகிறேன். வெள்ளைச் சட்டையைத் துவைத்து வைத்துவிட்டேன்.

அபெலினோ

---

ரீமாக், லிமா
15 ஜூலை 1974

என் அபெலினோவுக்கு,

பிறந்தநாளன்று விடிந்ததும் கதவைத் திறந்தேன். நீ கஞ்சிகூடக் குடிக்காமல் போய்விட்டாய். நான் கிண்ணத்தோடு நின்றேன். எங்கே இந்த மனுஷன் என்று எல்லாரும் கேட்டார்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சமாளித்தேன்.

முந்தின ராத்திரி கூடம் நெருக்கியடித்தது. அடுப்படியில் இதயத் துண்டுகள் சுட்டு மாளவில்லை. நீ மெழுகுவத்தியைக் கையில் எடுத்ததும் பெட்டிமேளக்காரன் மேளத்தின் மேல் குந்திக்கொண்டு அடித்தானே ஒரு அடி, என் உள்ளங்கால் கூசியது. நான் எப்போதும் போல ஆடத்தான் ஆரம்பித்தேன். நீ குனிந்து குனிந்து என் பின்னால் வந்தாய். இரண்டாம் சுற்றில் என்ன நினைத்தேனோ, நின்றுவிட்டேன். இருபது வருடமாக நிற்காத இடுப்பு, ஊரார் பார்க்க நின்றது.

"அடேய் அபெலினோ, டோரிலாவே நின்னுட்டாடா! வைடா நெருப்ப!" என்று கத்தினார்கள். "என்னப்பா, கை நடுங்குதா? மெழுகு ஒழுகுது பாரு!" என்று இசிட்ரோ ஐயா பாட்டுக்கு நடுவிலேயே உன்னைக் கிண்டல் செய்தார். செனோபியா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள்.

பாட்டு முடிந்தது. தாள் பற்றவில்லை. எல்லாரும் என் வாலையே பார்த்தார்கள்.

நான்தான் கத்தினேன். "தாள் நனைஞ்சு போச்சுங்க! ஜூலை மாசத் தூறல்ல இந்த ஊர்ல எது காயுது? ஊத்துங்கய்யா பிஸ்கோ சாராயத்த!" எல்லாரும் சிரித்துவிட்டார்கள். தெருவெல்லாம் இப்போது அதே பேச்சு. பாவம் அபெலினோ, ஈரத் தாளோடு என்ன செய்வான் என்கிறார்கள்.

ஆமாம், கொடியில் கிடந்த தாள். எல்லாம் அந்தத் தூறலால் வந்த வினை. நீ அதை மனதில் வைத்துக்கொள்ளாதே. வருகிற மாதம் ஒரு சனிக்கிழமை வா. காய்ந்த தாளாகப் பார்த்துச் செருகிக்கொள்கிறேன். கெஞ்சுகிறாள் என்று நினைப்பாய். கெஞ்சத்தான் கெஞ்சுகிறேன், போ.

உன்
டோரிலா

---

அரேகிப்பா
24 ஜூலை 1974

டோரிலா,

தாள் நனையவில்லை. மெழுகுவத்தியை நான்தான் கிட்டே கொண்டுபோகவில்லை. கூட்டத்துக்குத் தெரியாதபடி விரலால் சுடரை மறைத்துக்கொண்டேன். கட்டைவிரல் இன்னும் ரணமாக இருக்கிறது.

லாரிக்காரன் சொன்னது மெய். அவள் பெயர் எர்மெலிந்தா. செப்டம்பரில் எங்களுக்குக் குழந்தை பிறக்கப்போகிறது.

அப்படியானால் ஏன் வந்தாய் என்று கேட்பாய். நீ நிற்க மாட்டாய் என்று நம்பி வந்தேன். யாருக்குமே நிற்காதவள் நீ. எல்லார் முன்னாலும் என் நெருப்பை அணைத்து விரட்டுவாய், அவளே வேண்டாமென்று சொல்லிவிட்டாள் என்ற பேரோடு நான் நிம்மதியாகப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டேன். நீ நின்றுவிட்டாய். பற்றினால் இருந்துவிடுகிறேன் என்று எழுதியவன் நான், அதனால்தான் சுடரை மறைத்தேன்.

உன்னைப் போல ஒருத்தி எனக்கு இனிக் கிடைக்கமாட்டாள். அதைத் தெரிந்துகொண்டுதான் போகிறேன். மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு வாயில்லை.

அபெலினோ

---

ரீமாக், லிமா
2 ஆகஸ்டு 1974

அபெலினோ,

எழுதியது கிடைத்தது.

தாள் காய்ந்திருந்தது எனக்குத் தெரியாதா? கொடியும் இல்லை, தூறலும் இல்லை. அடுப்படிச் சுவரில் ஒட்டி வைத்து நானே காயவைத்தேன். பொசுக்கென்று பற்றிக்கொள்ளட்டும் என்று மெல்லிசாகக் கிழித்தும் விட்டேன். உன் சுடரின் சூடு என் முதுகுக்குக் கீழே வந்தது, பிறகு விலகியது. அதுவும் தெரிந்தது.

தெரிந்துதான் ஈரம் என்று கத்தினேன். உனக்குத் திரும்பி வர ஒரு வழி இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த அளவுக்கு எனக்கு நீ வேண்டியிருந்தது. அந்த வழியையும் நீயே அடைத்துவிட்டாய். உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று உனக்கு மனசு லேசாகியிருக்கும். எனக்கு வயிறு எரிகிறது.

பிள்ளை நல்லபடியாகப் பிறக்கட்டும். அதன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. எர்மெலிந்தாவிடம் என்னைப் பற்றி ஒன்றும் பேசாதே.

ரீமாக் முழுக்க தாள் ஈரம் என்று நம்புகிறது. செனோபியாகூட நம்புகிறாள். நீ எங்கே வேண்டுமானாலும் போய் ஆடிக்கொள்வாய். நான் இந்தத் தெருவில்தான் குடியிருக்க வேண்டும், சனிக்கிழமை தவறாமல் இதே கூடத்தில்தான் ஆட வேண்டும். யார் கேட்டாலும் ஈரம் என்றே சொல். எனக்காக இதையாவது செய்.

இனி எழுதாதே.

டோரிலா