ஃப்ரெஷ் என்றால் மறுபடியும் அல்ல

என் நைனாவுக்கு,

இல்லை, இன்னும் கூப்பிடவில்லை. கடிதம் வந்திருக்கிறது. ஆனால் அது கூப்பிடும் கடிதம் இல்லை.

நீ போன சில மாதங்களில் எங்கள் விமானக் கம்பெனி பாதி விமானங்களை நிறுத்திவிட்டது. இன்ஜினுக்கு உதிரிபாகம் வரவில்லை என்றார்கள். எங்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை, வேலையும் தரவில்லை. விமானங்கள் தயாரானதும் சீனியாரிட்டிப்படி திரும்ப அழைப்போம் என்று ஒரு மெயில். பதினான்கு மாதம் ஆகிறது.

உன் இரும்பு மில்லில் இதற்கு லே-ஆஃப் என்று பெயர். எங்களுடையது கொஞ்சம் இஸ்திரி போட்ட பெயர்.

இப்போது தேர்வாய் கண்டிகையில் ஒரு தொழிற்சாலை ஸ்டோர்ஸில் இருக்கிறேன். போல்ட், கையுறை, கிரீஸ். பஸ் டிரைவர் தினமும் ஒன்றையே கேட்கிறார். "இன்னா பைலட்டம்மா, முன்னாடி வந்து குந்திக்கிறியா? நான் கொஞ்சம் தூங்கிக்கிறேன்." பஸ் முழுக்கச் சிரிக்கும். முதல் மாதம் நானும் சிரித்தேன்.

கை மறந்துகொண்டிருக்கிறது, நைனா. கண்ணை மூடிக்கொண்டு, காக்பிட்டில் இருக்கும் சுவிட்சுகளைக் காற்றில் வரிசையாகத் தொட்டுப் பார்க்கிறேன். நேற்று ஒன்று வரவில்லை. சிமுலேட்டர் சோதனையின் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. கம்பெனி உள்ளே விட்டால்தான் அதை மறுபடி செய்து காட்ட முடியும். மருத்துவச் சான்று அடுத்த மாதம் முடிகிறது.

விமானிகள் சங்கம் கம்பெனியோடு மூன்று மாதமாகப் பேசிக்கொண்டிருக்கிறது. கேட்பது ஒன்றுதான். விடுப்பில் போனவர்களைப் பழைய சர்வீஸோடு, பழைய வரிசையில் திரும்ப அழைக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்குப் பிறகும் ஒரே செய்தி: ஆரோக்கியமான சூழலில் பேச்சு நடந்தது. யாருடைய ஆரோக்கியம்?

செவ்வாய்க்கிழமை எனக்குக் கடிதம் வந்தது. ஒன்பது பக்கம். எங்குமே திரும்ப அழைக்கிறோம் என்று இல்லை. ஃப்ரெஷ் அப்பாயின்ட்மென்ட் என்று இருக்கிறது. புதிய நியமனம். ஐந்து வருடம் ஓட்டியது நான் இல்லை, வேறு யாரோ. பணியில் சேரும் தேதி என்ற இடம் காலி. வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்து. இல்லையென்றால் அடுத்த ஆளுக்குப் போகும்.

சங்கத்தின் சார்பில் பேசும் கேப்டனை அழைத்தேன்.

"போடாதே ரூபி. ஆளாளுக்குத் தனியா போட்டா, அப்புறம் அங்க நாங்க யாருக்காகப் பேசுறது?"

"ஏற்கெனவே சில பேர் போட்டுட்டாங்களே சார்."

"தெரியும்."

போனை வைத்துவிட்டுக் கடிதத்தை மறுபடி எடுத்தேன்.

அம்மாவுக்கு இதெல்லாம் பேஜார். "போட்டுட்டுப் போயேன்டி. புதுசோ பழசோ, ஏரோப்ளேனு ஒண்ணுதானே? ஸ்டோர்ல நெட்டு எண்ணிக்கினு கீறத்துக்கா அம்மாம் படிச்ச?"

"நைனாவும் அப்டித்தானே போட்டாரு?"

அரிசி களைந்துகொண்டிருந்த கை நின்றது. "அத்த இப்போ இன்னாத்துக்கு இழுக்கிற?"

இழுக்கத்தான் வேண்டும்.

அப்போது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். மில் ஏழு மாதம் மூடிக் கிடந்து திறந்தது. கேட்டில் எல்லோருக்கும் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கொடுத்தார்கள். யூனியன் தாஸ் மாமா, கொண்டா, நான் பார்க்கிறேன் என்று கேட்டும் நீ கொடுக்காமல் வீட்டுக்கு எடுத்துவந்தாய். என் முன்னால் தரையில் உட்கார்ந்தாய். "இன்னா போட்டுக்கீது, படி."

ஃப்ரெஷ். எனக்குத் தெரிந்த ஃப்ரெஷ் பாடப்புத்தகத்தில் பாலோடும் பூவோடும் வரும். நல்ல வார்த்தை. அப்பாயின்ட்மென்ட் என்றால் வேலை. நடுவில் இருந்ததை நானே நிரப்பிக்கொண்டேன். "மறுபடியும் வேலை குடுத்துக்கீறாங்க நைனா."

"இன்னொருக்கா படி."

படித்தேன். இன்னும் சத்தமாக. அதே தப்பு. நீ என் கணக்கு நோட்டின் மேல் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாய்.

அதோடு உன் பதினெட்டு வருடம் போனது. உன்னிடம் கிரேன் ஓட்டக் கற்றுக்கொண்டு, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாமல் யூனியன் மூலம் பழைய சர்வீஸோடு திரும்பியவர்கள் உன்னைவிட சீனியர் ஆனார்கள். இரண்டு வருடம் கழித்து ஆள்குறைப்பு. கடைசியாகச் சேர்ந்தவன் முதலில் வெளியே என்பது வழக்கம். காகிதப்படி நீதான் கடைசி. கவரைப்பேட்டை குடோனில் வாட்ச்மேன் ஆனாய்.

எனக்கு இது தெரியாது. உன்னைப் புதைத்த அன்று தாஸ் மாமாதான் சொன்னார். "ஒம் மேல தப்பு இல்லமா. எங்கிட்ட காட்டியிருக்கலாம் அந்தாளு. 'எம் பொண்ணு படிச்சி சொல்லிட்டா, நீ போய்யா'ன்னுட்டான்." ஆறுதல் சொல்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

ஏன் சொல்லவில்லை? அரசு உதவித்தொகையில் விமானம் ஓட்டப் படிக்கப் போனேனே, அன்றாவது? முதல்முறை சீருடையில் வந்தபோது தெரு முழுக்க என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தாயே, அன்றாவது? உன் மௌனத்தை எல்லோரும் பாசம் என்கிறார்கள். எனக்குக் கோபம்தான் வருகிறது. ஒருமுறை திட்டியிருக்கலாம். ஒரே ஒருமுறை, "இன்னாடி படிச்ச நீ" என்று. அந்த வார்த்தையின் அர்த்தம் அன்றே தெரிந்திருக்கும். நான் அழுதிருப்பேன். முடிந்திருக்கும். இப்போது எங்கே போய் அழுவது?

கையெழுத்துப் போட்டால் பறப்பேன். அது உண்மை. வேண்டும் நைனா. வெட்கமே இல்லாமல் வேண்டும். ஓடுபாதை முடிவதற்குள் மூக்கு மேலே எழும் அந்த நொடி வேண்டும். போடாவிட்டால் ஒருவேளை இந்தக் கை முழுவதுமாக மறந்துவிடும். சங்கம் ஜெயிக்கும் என்று எந்த உறுதியும் இல்லை. கேப்டனே சொல்லவில்லை.

ஆனால் இந்தமுறை யாரும் எனக்குப் படித்துச் சொல்லத் தேவையில்லை. அதுதான் தொல்லை. நீ தெரியாமல் போட்டாய். நான் தெரிந்தே போட வேண்டும்.

எனவே ஒரு வாக்கு. யார் எதைக் கொண்டுவந்து படிக்கச் சொன்னாலும், தெரியாத வார்த்தையைத் தெரியாது என்றே சொல்வேன். தெரிந்த வார்த்தையின் கீழே, தெரியாதவளைப்போலக் கையெழுத்துப் போட மாட்டேன்.

உனக்குத் தப்பாகப் படித்துச் சொன்ன உன் மகள்,
ரூபி

வெள்ளிக்கிழமை காலை, ஃப்ரெஷ் அப்பாயின்ட்மென்ட் என்று இருந்த இடத்திலெல்லாம் பேனாவால் அடித்தேன். பணியில் சேரும் தேதி என்ற இடத்தில் ஆறு வருடத்துக்கு முந்தைய என் முதல் நாளை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். கம்பெனிக்கு அனுப்பவில்லை. பேச்சுவார்த்தையில் எடுத்து வைக்கச் சொல்லிக் கேப்டனுக்கு அனுப்பினேன். பிறகு ஸ்டோர்ஸ் வேலைக்குக் கிளம்பினேன்.