மதகின் குரல் அவையில் ஒலித்த செய்தி

நலம் நிலைக்க. தண்சாரல் நாட்டுக் கோப்பெருந்தேவி அலர்மேனி, ஆற்றுக்காவல் பூண்ட பள்ளத்துறைத் தலைவர் தழும்பனார்க்கு விடுக்கும் ஓலை. தங்கள் துறையில் எஞ்சிய குடிகள் பசியின்றி வாழ்க. கரையேறியோர் நோயின்றி வாழ்க.

தங்கள் துறையைச் சார்ந்த வேண்மாள், வெள்ளம் வடிந்தபின் அரண்மனை அனுப்பிய பட்டத்தையும் பட்டாடையையும் வாயிலிலேயே திருப்பிவிட்டாள் என்றும், அவளை என்செய்வது என்றும் வினவியிருந்தீர். அவளுக்கு நேர்ந்ததை முதலில் முழுதும் அறிக.

அவள் கணவன் பொறையன் மேலணையின் மதகுக் காவலன். அணை திறக்கும் செய்தியை ஆள் ஓடிவந்து சொல்வதற்குள் தண்ணீர் வந்துவிடுகிறதே என்று நொந்து, அவள் தன் வீட்டு முற்றத்திலேயே ஒலிப்பெட்டி ஒன்றைச் செய்யத் தொடங்கினாள். காந்தத்தின்மேல் செப்புக்கம்பியைச் சுற்றினாள். ஆட்டுத்தோலில் செய்த கூம்பு தடித்துக் கரகரத்ததால் கிழித்தெறிந்து, மெல்லிய பட்டில் வேறொன்று செய்தாள். மின்கலமும் ஒலிபெருக்கும் பொறியும் பலாப்பெட்டிக்குள் அடங்க, தூக்கிச் செல்லப் பிடியும் வைத்தாள். முதலில் அது பூனைபோல் கத்தியதாம், ஊரார் சிரித்தனர். பொறி சூடேறிக் கருகியது, மறுபடி செய்தாள். முடிவில், பொறையன் மதகில் நின்று சிறு குமிழ் ஒன்றில் பேசிய பேச்சு, இடையே கம்பி ஏதுமின்றிப் பள்ளத்துறைச் சந்தையில் முழங்கிற்று. சிரித்தவர்களே பெட்டியைத் தோளில் சுமந்து ஊரைச் சுற்றிவந்தனர்.

அப்புகழே கேடாயிற்று. முடிசூட்டு நாள் விழாவில் தம் குரல் கோட்டைப்புறமெங்கும் கேட்க வேண்டுமென்று மன்னர் அதை எடுத்துவரச் செய்தார். மழைக்குமுன் தந்துவிடுமாறு வேண்மாள் ஏவலரின் காலில் விழுந்தாள், தருவதாகச் சொன்னார்கள். தரவில்லை. தம் குரலைப் பெரிதாகக் கேட்டுப் பழகியவருக்கு அதைப் பிரிய மனமில்லை. மேலணையிலேயே தங்கியிருந்த பொறையனிடமோ, பெட்டி ஊர் சேர்ந்துவிட்டதென்று ஏவலர் பொய் கூறினர்.

மழை கொட்டிய மாலையில், அவையில் பாடல் நடக்கையில் பெட்டி பொறையன் குரலில் தானே பேசிற்று. பாட்டுக்கு இடையூறு என்று மன்னர் அதன்மேல் கம்பளம் போர்த்தச் சொன்னார், போர்த்தினர். யாம் எழுந்து குதிரைவீரரைப் பள்ளத்துறைக்கு விரைந்து ஏவினோம். அவர் பாதிவழி செல்லுமுன் பள்ளத்துறை நீருக்குள் கிடந்தது. பொறையனும் மதகோடு போனான்.

இன்னும் பெரிய பெட்டி செய்து தர வேண்டும், மறுத்தால் சிறை என்பது இப்போது மன்னர் ஆணை. வேண்மாள் கேட்பதோ ஒன்றுதான்: தன் கணவன் கடைசியாக என்ன சொன்னான் என்பது. அதை அவைக்கு வெளியே உரைப்பவரின் நா அறுக்கப்படும் என்றும் மன்னர் விதித்திருக்கிறார்.

கம்பளத்தின் அருகே அமர்ந்து கேட்ட யாம் எழுதுகிறோம். “வேண்மா, கரை உடையுது. சனத்தையெல்லாம் குன்றுக்குக் கூட்டிப் போயிடு. என்னைத் தேடி வராதே. நீ கேட்டுக்கிட்டுதான் இருப்பேன்னு எனக்குத் தெரியும்.”

இதை அவளுக்குத் தாங்களே படித்துக் காட்டுக. சிறைகொள்ள வரும் வீரரை எம் முத்திரை காட்டித் திருப்புக. கேளாராயின் அவளைப் படகேற்றி நாட்டெல்லை கடத்துக. ஓலை எழுதியவர் யார் என்பதை மன்னருக்கு யாமே அறிவிப்போம். இது கோப்பெருந்தேவியின் ஆணை. அரக்கின் சூடு ஆறுமுன் செய்க.