நான்காம் வளைவின் உள்ளோரத்து டயர்

அனுப்புநர்:
லைல் ஹ்ருஷ்கா (வயது 57),
ஓடுபாதைப் பராமரிப்பாளர், கவுண்டி கண்காட்சி மைதானம்,
பழைய பால்பண்ணைச் சாலை, சில்வர் ஃபோர்க்,
லார்க்கின் கவுண்டி, அயோவா.

பெறுநர்:
திருமதி நோர்மா டைக்ஸ்ட்ரா அவர்கள்,
தலைவர், கவுண்டி மேற்பார்வையாளர் குழு,
லார்க்கின் கவுண்டி, அயோவா.

பொருள்: கண்காட்சி மைதான மண் ஓடுபாதையின் உள்ளோரத்து டயர்களையும் காங்கிரீட் சுவர் முனையையும் வரும் ஏப்ரல் 18-க்குள் மாற்றியமைக்கக் கோருதல், என் தம்பி வெர்லின் ஹ்ருஷ்கா இறந்தது அவன் தவறால் என்று எழுதப்பட்ட அறிக்கையைத் திருத்தக் கோருதல்.

பார்வை: 1. மைதானக் குழுவின் விபத்து அறிக்கை, செப்டம்பர் 2014. 2. அக்குழுவுக்கு நான் எழுதிய மூன்று கடிதங்கள்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் பத்தொன்பது ஆண்டுகளாக மேற்படி மைதானத்தில் ஸ்பிரிண்ட் பந்தயக் கார்கள் ஓடும் அரை மைல் மண் பாதையைச் சீவி, நீர் தெளித்து, இறுக்கி வருகிறேன். மண்ணோடு பழகிய அளவுக்கு எழுத்தோடு பழக்கமில்லை. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். செய்தியில் பிழை இல்லை.

2. கடந்த ஆகஸ்ட் 16, சனிக்கிழமை மாலை, இரண்டாவது தகுதிச் சுற்றில், 31 என்ற எண் கொண்ட காரை என் தம்பி வெர்லின் (வயது 44) ஓட்டினான். நான்காம் வளைவின் உள்ளோரத்தில் படுக்கவைக்கப்பட்டிருந்த டிராக்டர் டயரில் அவன் காரின் இடது முன்சக்கரம் ஏறியது. கார் மூக்கைத் தூக்கி இரண்டு முறை புரண்டு, அதற்கு அடுத்தாற்போல் தொடங்கும் உட்புறக் காங்கிரீட் சுவரின் மொட்டை முனையில் போய் மோதியது. மறுநாள் காலை மருத்துவமனையில் அவன் இறந்தான். இவ்வளவும் அறிக்கையில் சரியாகவே இருக்கிறது.

3. அறிக்கையின் கடைசி வரிதான் என் புகார். "காரணம்: ஓட்டுநரின் கணிப்புத் தவறு" என்று அதில் உள்ளது. மைதானக் குழுத் தலைவர் திரு. கேலன் வாஸ் அவர்களிடம் இதைப் பற்றி மூன்று முறை எழுதிக் கேட்டேன். இரண்டு கடிதங்களுக்குப் பதில் இல்லை. மூன்றாவதற்கு, பெட்ரோல் பங்கில் என்னைப் பார்த்தபோது, தோளில் கை வைத்து, "லைல், செத்தவனுக்கு அதனால என்னய்யா ஆகப்போகுது? விடு" என்றார். அவர் கெட்டவர் அல்ல. அடக்கத்தன்று சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். ஆனாலும் என்னால் விட முடியவில்லை.

4. தாங்கள் ஆண்டுதோறும் கண்காட்சி வாரத்தில் வந்து கோப்பை கொடுப்பவர் என்பதால், வளைவுகளின் உள்ளோரத்தில் வரிசையாகக் கிடக்கும் வெள்ளை டயர்களைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் பதினொன்று. கார்கள் வளைவை உள்ளே வெட்டிக் குறுக்கே போகாமல் இருக்கத்தான் அவை. பார்வையாளர் மேடையிலிருந்து அழகாகத் தெரியும். ஓட்டுநர்களுக்கு அவை அடையாளம் மட்டுமல்ல, பிடிமானமும்கூட. வெளிப்பக்கம் மேடுபள்ளமாகிவிட்டால் எல்லோரும் கீழே இறங்கி, இடது சக்கரம் டயரை லேசாக உரசும்படி திரும்புவார்கள். உரசினால் டயர் ஒரு சாண் நகரும், கார் போய்விடும். இப்படித்தான் இவர்கள் இருபது ஆண்டுகளாக ஓட்டினார்கள். தொட்டால் நகரும் என்பது அவர்கள் கைக்கும் காலுக்கும் பழகியிருந்தது. இதைத் தயவுசெய்து நினைவில் வையுங்கள். என் மனு முழுதும் இதன் மேல்தான் நிற்கிறது.

5. நகர்ந்த டயர் சில நேரம் பாதைக்குள் வந்துவிடும். உடனே மஞ்சள் கொடி, ஓட்டம் நிற்கும், நான் டிராக்டரில் போய் அதைத் தள்ளி வைக்க வேண்டும். சென்ற ஆண்டு ஜூன் மாதத்தில் ஒரே மாலையில் ஐந்து முறை இப்படி ஆயிற்று. மேடையில் இருந்தவர்கள், "லைல், டயரைத் தூக்கிக்கிட்டு வீட்டுக்குப் போய்யா, நாங்க சோறு திங்கணும்!" என்று கூச்சல் போட்டார்கள். மறுநாள் மதியம் தம்பி வீட்டில் சாப்பாடு. நான் கல்யாணம் செய்துகொள்ளாதவன். ஞாயிறு மதியம் அங்கேதான் சாப்பிடுவேன். பன்றித் தொடைக் கறியும் சோளமும் வைத்திருந்தார்கள். வெர்லின் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "ஏன் அண்ணே, உனக்கு ஏன் பொண்ணு அமையலன்னு நேத்துதான் புரிஞ்சுது. ஒரு டயரையே உன்னால ஒரு இடத்துல உட்கார வைக்க முடியல!" என்றான். அவன் மனைவி கார்லீன் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன். ஆனால் எனக்குச் சுருக்கென்றிருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

6. அம்மையீர், இதுவரை யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். ஜூலை மூன்றாம் வாரம், புதன்கிழமை, மைதானத்தில் யாரும் இல்லாத நேரத்தில், அடிக்கடி நகரும் அந்த நான்காம் வளைவு டயரை நான் பாதி ஆழத்துக்குப் புதைத்தேன். அதன் வயிற்றுக்குள் ஓடைக்கரைக் களிமண்ணை ஈரமாகப் போட்டு இடித்து இறுக்கினேன். நடுவில் நாலடி இரும்பு வேலிக் கம்பம் ஒன்றை அடித்து இறக்கினேன். கம்பத்தின் தலை வெளியே தெரியாதபடி மேலே நாலு விரல் கனத்துக்கு மண் பூசி, வெள்ளையும் அடித்தேன். யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. குழுவிடம் நான் அனுமதி கேட்கவும் இல்லை. விபத்துக்குப் பின் ஷெரிஃப் அலுவலகம் எடுத்த படங்களில் வெள்ளை டயர் மட்டுமே தெரியும். காப்பீட்டு ஆய்வாளர் அதன் மேல் காலை வைத்து நின்றுகொண்டுதான் குறிப்பு எழுதினார். நான் பத்தடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

7. வேலை முடிந்த அந்த வாரம் வெர்லினிடம், "இனிமே அது அசையாது" என்று மட்டும் சொன்னேன். கம்பத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திட்டியிருப்பான். "அப்போ போற போக்குல அதுக்கு ஒரு முத்தம் குடுத்துட்டுப் போறேன்" என்றான். நான்கு சனிக்கிழமைகள் யாரும் அதைப் பலமாகத் தொடவில்லை. மஞ்சள் கொடி குறைந்தது. மேடையில் யாரும் என் பெயரைச் சொல்லிக் கத்தவில்லை. எனக்குப் பெருமையாக இருந்தது.

8. ஐந்தாவது சனிக்கிழமைதான் ஆகஸ்ட் 16. வெர்லினுக்கு முன்னே போன கார் தடுமாறியது. அவன் அரை அடி கீழே இறங்கினான். அந்த இடத்தில் எந்த ஓட்டுநரும் அதைத்தான் செய்வான். நல்ல ஓட்டுநர் நிச்சயமாகச் செய்வான். டயர் நகர்ந்து வழிவிடும் என்று நம்பித்தான் இறங்கினான். கணிப்புத் தவறு என்று எழுதியிருக்கிறார்களே, அவன் கணித்தது இருபது ஆண்டுகளாக அங்கே கிடந்த டயரை. அது அங்கே இல்லை. அங்கே இருந்தது நான் செய்து வைத்தது.

9. உள்மைதானத்தில் நின்றிருந்த என் தண்ணீர் லாரிக்கும் அவன் கார் விழுந்த இடத்துக்கும் நாற்பதடி தூரம். முதலில் போனவன் நான். தலைக்கவசத்துக்குள் கண் திறந்திருந்தது. "டயர் நகந்துடுச்சா, அண்ணே?" என்று கேட்டான். அவன் நினைப்பெல்லாம், மறுபடி ஓட்டம் நிற்கும், மறுபடி எல்லோரும் என்னைப் பார்த்துக் கத்துவார்கள் என்பதாகத்தான் இருந்திருக்கும். "இல்லடா" என்றேன். சிரிக்கப் பார்த்தான். அதன் பிறகு அவன் பேசவில்லை. அந்த டயரைப் பற்றி நான் கடைசியாகச் சொன்ன உண்மையும் அதுதான்.

10. சுவர் முனையைப் பற்றி: நின்றுபோன கார்களைத் தள்ளிக் கிளப்பும் லாரிகள் நிற்குமிடத்துக்குக் காப்பாக அந்தச் சுவர் கட்டப்பட்டது. அது தொடங்கும் முனை, வளைவிலிருந்து வரும் கார்களை நேராகப் பார்த்து நிற்கிறது. முன்னால் மணல் இல்லை, நீர் நிரப்பிய பீப்பாய் இல்லை, சரிவு இல்லை. வெளிப்புறச் சுவரில் மேடை இருப்பதால் அதற்கு ஆண்டுதோறும் ஆய்வு நடக்கிறது. உட்புறத்தை யாரும் பார்ப்பதில்லை, ஏனென்றால் அங்கே டிக்கெட் வாங்கிய எவரும் உட்காருவதில்லை. நான் டயரில் கைவைக்காமல் இருந்திருந்தாலும் அந்த முனை ஒருநாள் யாரையாவது வாங்கியிருக்கும். இதை என் குற்றத்தைக் குறைத்துக்கொள்ள எழுதவில்லை. மே 2-ஆம் தேதி, இந்த ஆண்டின் முதல் ஓட்டத்தில், மறுபடி இருபத்து நான்கு கார்கள் அந்த முனையைப் பார்த்து வரப்போகின்றன.

11. எங்கள் வழக்கம் ஒன்றையும் தெரிவிக்க வேண்டும். ஏப்ரல் மூன்றாவது சனிக்கிழமை ஓட்டுநர் குடும்பங்கள் எல்லாம் மைதானத்துக்கு வந்து டயர்களுக்கு வெள்ளையடிப்பார்கள். ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாடு கொண்டுவருவார்கள். ஓடுபாதையில் இறந்தவர் இருந்தால், அவர் விழுந்த இடத்துக்குப் பக்கத்து டயரில் அவருடைய எண்ணைக் கறுப்பில் எழுதுவார்கள். ஏற்கெனவே மூன்று டயர்களில் எண்கள் இருக்கின்றன. மூன்று பேரும் உள்ளோரத்தில் விழுந்தவர்கள். ஆண்டுதோறும் தொப்பியைக் கழற்றி நின்று மரியாதை செய்கிறோம். மூவருமே ஏன் அங்கே என்று நாங்கள் ஒருவர்கூடக் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

12. இந்த ஏப்ரல் 18-ஆம் தேதி நான்காம் வளைவு டயரில் 31 என்று எழுதப் போகிறார்கள். எழுதப்போவது கார்லீன். போன மாதமே தூரிகை வாங்கிவிட்டாள். "அத்தான், எனக்குக் கை நடுங்கும். நீங்க பக்கத்துல நின்னு டின்னைப் பிடிச்சுக்கணும்" என்று கேட்டிருக்கிறாள். ஊரில் சிலர், வெர்லின் அவசரப்பட்டுக் கீழே இறங்கினான் என்று பேசுவது அவள் காதுக்கும் வந்திருக்கிறது. ஒரு ஞாயிறு, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "அத்தான், நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க? அவர் எங்க தப்புப் பண்ணினார்னு மட்டும் சொல்லுங்க, எனக்குப் போதும்" என்றாள். நான் கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். எட்டு மாதமாக அவள் கையால் சாப்பிடுகிறேன்.

13. மார்ச் 21, சனிக்கிழமை, யாருக்கும் தெரியாமல் அந்த டயரைப் பிடுங்கிவிடலாம் என்று என் சொந்த டிராக்டரையும் சங்கிலியையும் கொண்டுபோனேன். பனி உருகி மண் இளகியிருந்தது. ஆகவே நிலத்தைக் குறை சொல்ல முடியாது. எண்பது குதிரைத்திறன் டிராக்டர் நின்ற இடத்திலேயே சக்கரம் சுற்றிப் பள்ளம் தோண்டியது. மூன்றாவது இழுப்பில் சங்கிலி அறுந்தது. டயர் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்து அழுதேன், அம்மையீர். டிராக்டருக்கே அசையாததை ஒரு காரின் முன்சக்கரத்துக்கு எதிரே வைத்திருக்கிறேன். கவுண்டி சொத்தை அனுமதியில்லாமல் பெயர்க்க முயன்றதையும் இதன் மூலம் ஒப்புக்கொள்கிறேன். அங்கே இருக்கும் பள்ளங்கள் என்னுடையவை.

14. ஆகவே கீழ்க்கண்டவற்றைச் செய்து தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

(அ) நான்காம் வளைவு டயரைக் கவுண்டி சாலைத் துறையின் மண்வெட்டும் இயந்திரம் கொண்டு தோண்டி எடுக்க வேண்டும். தோண்டும்போது ஷெரிஃப் அலுவலகத்தார் ஒருவர் உடனிருந்து கம்பத்தைப் படம் எடுக்க வேண்டும்.

(ஆ) மற்ற பத்து டயர்களையும் எடுத்துவிட்டு, சக்கரம் ஏறி இறங்கக்கூடிய தாழ்வான மண் சரிவு அமைக்க வேண்டும். அதைச் செய்ய எனக்குத் தெரியும். ஆனால் இனி அந்த மண்ணில் என் கை படலாமா என்பதைத் தாங்கள் முடிவு செய்யுங்கள்.

(இ) சுவர் முனைக்கு முன்னால் நீர் நிரப்பிய பீப்பாய்கள் வைக்க வேண்டும். இது முடியும்வரை மே 2 ஓட்டத்தை நடத்தக்கூடாது.

(ஈ) அறிக்கையின் கடைசி வரியை அடித்துவிட்டு, நடந்த காரணத்தையும் என் பெயரையும் எழுத வேண்டும்.

(உ) 31 என்ற எண்ணை அந்த டயரில் எழுதவிடக்கூடாது. அவனைக் கொன்றதன் மேல் அவன் எண் வேண்டாம். வேறெங்கு வேண்டுமானாலும் எழுதட்டும்.

15. என் மேல் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன். மைதானச் சாவிகள் நான்கையும் இத்துடன் இணைத்துள்ளேன். அவன் நன்றாகத்தான் ஓட்டினான் என்று கவுண்டி முத்திரை குத்திய ஒரு காகிதம் வேண்டும். நான் வாயால் சொன்னால் அண்ணன் பாசத்தில் சொல்கிறான் என்பார்கள்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,

(ஒப்பம்)
லைல் ஹ்ருஷ்கா

இடம்: சில்வர் ஃபோர்க்
நாள்: ஏப்ரல் 6, 2015

இணைப்பு: மைதானச் சாவிகள் – 4, அறுந்த சங்கிலியின் ஒரு துண்டு.

நகல்:
1. ஷெரிஃப் அலுவலகம், லார்க்கின் கவுண்டி.
2. திரு. கேலன் வாஸ், தலைவர், மைதானக் குழு.
3. திருமதி கார்லீன் ஹ்ருஷ்கா. இவருக்குத் தபாலில் அனுப்பவில்லை. இந்த மனுவைத் தங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டு, நேராக அவள் வீட்டுக்குப் போய், அவள் படித்து முடிக்கும்வரை வாசலில் நிற்பேன்.