சீட்டைப் பெட்டியின் மேல் வைத்தவர்கள்

நண்பனுக்கு,

உன்மேல் எனக்குள்ள குறைகளை வரிசைப்படுத்தி எழுதுகிறேன். முப்பது ஆண்டு வக்கீலாக இருந்த உனக்கு இந்த வடிவம் பழகியதுதான்.

1. 1952, தை. மலைக்குப் பின்புறத்து ஊரில் வாக்களிக்கும் முறையைக் காட்ட, துளை இல்லாத பெட்டியைக் கொண்டுபோனாய்.

2. அதே ஆண்டு, வாக்கு எண்ணிய மறுநாள். அந்த ஊர் துரோகம் செய்துவிட்டதாக நம் வேட்பாளர் தேரடியில் பேசியபோது, உண்மை தெரிந்தும் அவர் பக்கத்தில் வாய் திறவாமல் நின்றாய்.

3. 1957, மாசி. அந்த ஊருக்கு நீ ஒருமுறைகூடப் போகவில்லை. போயிருந்தால் ஒரு வாக்கியம் போதுமாயிருந்திருக்கும்.

4. 1962, மாசி. சொல்லிவிடுவதாக என்னிடம் உறுதி கூறி மேடையேறினாய். ஏரி மதகைப் பற்றிப் பேசிவிட்டு இறங்கினாய்.

5. 1967, மாசி. படுக்கையில் இருந்தபடி அந்தப் பொறுப்பை என் தலையில் வைத்தாய்.

6. இந்த ஆண்டு, 1968, ஐப்பசி. போய்விட்டாய்.

இன்று காலை உன் மகன் வந்து உன் படத்திறப்பு அழைப்பிதழைக் கொடுத்தான். அச்சு மையின் வாசனை இன்னும் போகவில்லை. நம் மாணவர் விடுதி அறையில் தேர்தல் நோட்டீசுகளைக் கட்டுக் கட்டாக அடுக்கிவைத்துக்கொண்டு தூங்கிய நாட்களின் வாசனை அது. நீ சட்டம் படித்தாய், நான் கணிதம். ஓட்டு எல்லோருக்கும் வந்துவிட்டால் இந்த நாட்டில் எல்லாம் சரியாகிவிடும் என்று இருவருமே நம்பினோம். அழைப்பிதழில் உன்னை 'வாய்மை தவறாத வழக்கறிஞர்' என்று போட்டிருக்கிறார்கள். அதற்குக் கீழே, நினைவுரை என்ற இடத்தில் என் பெயர்.

நம் பார்லிமெண்ட் தொகுதியை நீ தராசு முள் என்பாய். டவுன் ஒரு பக்கம் சாயும், மலைக்குப் பின்னால் உள்ள ஊர்கள் மறுபக்கம் சாயும், முள் நடுவில் நின்று ஆடும். ஒவ்வொரு முறையும் வெற்றியும் தோல்வியும் ஒரு சில ஊர்களின் கையில் இருந்தன. அதனால்தான் முதல் தேர்தலில் அந்த ஊரை நீயே நேரில் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாய். சைக்கிளின் பின்னால் நான் உட்கார்ந்து வந்தேன். என் மடியில் உன் தகரப் பெட்டி இருந்தது, வழக்கோடு வரும் கட்சிக்காரர்களின் பத்திரங்களை நீ பூட்டிவைக்கும் பெட்டி.

அந்தக் காலத்தில் சீட்டில் முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. மறைப்புக்குப் பின்னால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வீதம் வரிசையாக இருக்கும். பெட்டியின் மேல் சின்னம் ஒட்டியிருக்கும். வேண்டிய பெட்டியின் துளைக்குள் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டும். உன் தகரப் பெட்டியில் துளை ஏது? நீ அதன்மேல் நம் சின்னத்தை ஒட்டினாய், ஒரு பழைய நோட்டீசைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டாய். கோயில் வாசலில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் நீ சொன்னதை என்னால் இன்றும் சொல் மாறாமல் எழுத முடியும்.

"நல்லா பாத்துக்கோங்கம்மா. நம்ம சின்னம் எதுல ஒட்டியிருக்கோ, அது மேல சீட்டை வெச்சுட்டு வந்துடுங்க. அவ்ளோதான் வேலை."

பூக்கட்டும் முனியம்மா எழுந்து கேட்டாள். "வெச்சா மட்டும் போதுமா வக்கீலையா, கும்புடணுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். "கும்புட்டாலும் தப்பில்லம்மா" என்றாய்.

நானும் சிரித்தேன். கணிதப் பட்டம் வாங்கியவன், பெட்டியில் துளை இல்லை என்பதைக் கவனிக்கவில்லை.

தேர்தலில் சில ஆயிரம் ஓட்டில் தோற்றோம். அந்த ஊரில் வைத்த நம் சின்னப் பெட்டியைத் திறந்தபோது, அதில் விழுந்திருந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான். நம் வேட்பாளருக்கு யாரையாவது குற்றம் சொல்லியாக வேண்டியிருந்தது. தேரடியில் மேசை போட்டு ஏறி, அந்த ஊர் காலையில் நமக்குச் சத்தியம் செய்துவிட்டு மாலையில் எதிராளிக்குப் போட்டுவிட்டது என்றார். அன்று முதல் அந்த ஊருக்கு இந்த டவுனில் வேறு பெயர். பூக்கூடையோடு வரும் பெண்களைப் பார்த்து, "இன்னா, ரெண்டு பக்கமும் தொடுக்கற ஊரா?" என்று கடைக்காரர்கள் கேட்பார்கள். கேலியாகத் தொடங்கிய அந்தப் பேச்சு பிறகு பெண் கொடுப்பதிலும் எடுப்பதிலும் தடையாக வந்து நின்றது.

1957இல் என் பள்ளியிலிருந்து ஆசிரியர்களான எங்களை வாக்குச்சாவடி வேலைக்கு அனுப்பினார்கள். எனக்கு அந்த ஊரே வாய்த்தது. விடிவதற்குள் வரிசை சேர்ந்துவிட்டது. கெட்ட பெயரைத் துடைக்க வேண்டும் என்று முந்தின நாள் சூடம் அணைத்துச் சத்தியம் செய்திருந்தார்களாம். முனியம்மா தன் மாமியாரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். அவ்வப்போது மறைப்புக்குள் போய்ப் பார்ப்பது என் பொறுப்பு. கூட்டத்தின் நெரிசலில் நான் போகவில்லை. இதையும் எழுதிவிடுகிறேன்.

நேரம் முடிந்ததும் அதிகாரியும் நானும் உள்ளே போனோம். நம் சின்னம் ஒட்டிய பெட்டியின் மேல் சீட்டுகள் ஒழுங்காக அடுக்கிவைக்கப்பட்டிருந்தன. காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொரு அடுக்கின் மேலும் ஒரு சாமந்திப் பூ. சில சீட்டுகளில் மஞ்சள் தடவியிருந்தது.

"இன்னா சார் இது, பூஜை பண்ணிட்டுப் போயிருக்காங்க?" என்றார் அதிகாரி. வெளியே கிடப்பது வாக்காகாது என்று சொல்லி, எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு அரக்கு வைத்தார். என் கையால்தான் அந்தப் பூக்களை எடுத்துப் போட்டேன்.

அன்று மாலையே உன் வீட்டுக்கு வந்தேன். நீ அதிரவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பும் இதுவேதான் நடந்தது என்றும், சாவடியில் இருந்த நம் ஆள் அன்றைக்கே உன்னிடம் சொல்லிவிட்டான் என்றும் நிதானமாகச் சொன்னாய். உன் பெட்டியால் வந்த தவறு என்று தெரிந்தால் வேட்பாளர் உன்னைச் சேர்க்க மாட்டார் என்று பயந்தாய். அவர் அந்த ஊர்ப் பக்கம் போகக் கூடாது என்று உத்தரவிட்டபோது, அதுவே உனக்கு வசதியாயிற்று.

"போன தடவை அதையெல்லாம் எண்ணியிருந்தாலும் தோத்துதான் இருப்போம்பா. ஒரு ஊரு ஓட்டுல பார்லிமெண்ட் மாறிடுமா? விடு."

நீ சொன்ன கணக்கு சரிதான். நான் கேட்டது அந்தக் கணக்கை அல்ல என்பது உனக்கும் தெரியும்.

நானும் விட்டேன். சாவடியில் கண்டதை வெளியே சொல்லக் கூடாது என்ற விதியை எடுத்து என் முன்னால் நிறுத்திக்கொண்டேன். 1962இல் சீட்டில் முத்திரை குத்தும் முறை வந்தது. பெட்டி ஒன்றாயிற்று, தவறுக்கு இடமில்லாமல் போயிற்று. அந்த முறை நாம் ஜெயித்தோம். ஊர்வலம் எல்லா ஊருக்கும் போயிற்று, அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை. 1967இல் தோற்றோம். அப்போது உனக்கு மூச்சு வாங்குவது ஜாஸ்தியாகியிருந்தது. நான் மறுபடியும் கேட்டதற்கு, தலையணையில் சாய்ந்தபடி, "நான் போனப்புறம் நீயே சொல்லிடுப்பா. அப்போ யாரு என்னை வந்து கேக்கப்போறாங்க?" என்றாய். அதை நகைச்சுவையாகச் சொன்னாய் என்றுதான் இத்தனை நாள் எடுத்துக்கொண்டிருந்தேன்.

இன்று மதியம் முனியம்மா வந்தாள். உன் படத்துக்கு மாலை கட்டப்போகிறாளாம், எத்தனை முழம் வேண்டும் என்று கேட்டாள். பிறகு கூடையைக் கீழே வைத்துவிட்டு, "வக்கீலையா எங்க ஊரைப் பத்திக் கடைசியா இன்னா சொன்னாரு சாரே? அவரு ஒருத்தரு தான் எங்களைத் திட்டாதவரு" என்றாள்.

அவளிடம் சொல்லிவிட்டேன். பெட்டி, துளை, உறை, அரக்கு, நான் எடுத்துப்போட்ட பூ, எல்லாவற்றையும்.

"அப்போ நாங்க போடவே இல்லியா?"

"போட்டீங்க. எண்ணலை."

"ரெண்டு தபாவும்?"

"ரெண்டு தபாவும்."

"எங்க மாமியா ரெண்டாவது தபா போட்ட அந்த வருசமே செத்துட்டாங்க. நான் ஓட்டுப் போட்டுட்டேன்டினு வர்றவங்க போறவங்க கிட்டல்லாம் சொல்லிட்டே செத்தாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து கூடையைத் தலையில் வைத்தாள். நான் ஏதோ மன்னிப்புப்போல ஒன்றைச் சொல்லத் தொடங்கினேன். அவள் கையை நீட்டித் தடுத்தாள்.

"என்னாண்ட சொல்லி இன்னாத்துக்கு சாரே? எங்களைத் தேரடியில வெச்சுப் பேசினாங்க. நீங்க வீட்டுக்குள்ள ஒக்காந்து சொன்னா அது அங்க போய்ச் சேருமா? தேரடியில சொல்லுங்க. மாலை கட்டறதா வேணாமானு அப்புறம் பாத்துக்கறேன்."

உன் படத்திறப்பு நடக்கும் மண்டபம் தேரடியில்தான் இருக்கிறது என்பதை உனக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை. ஒலிபெருக்கியை வெளியிலும் கட்டுவார்கள். பூக்கடை வரிசை வரைக்கும் கேட்கும்.

களைத்துவிட்டேன். உன்னை வெறுக்கக்கூட முன்பிருந்த வலு இல்லை. நாற்பது ஆண்டு நட்பில் உன்னிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, சரியானதை நாளைக்குச் செய்துகொள்ளலாம் என்று இன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடும் பழக்கம். பதினாறு ஆண்டு மௌனத்தில் ஐந்து உன்னுடையது மட்டும். மிச்சத்தை நாம் இருவரும் சேர்ந்து செய்தோம். என் பங்கை ஒளிக்காமல்தான் பேசுவேன். முதலில் அதைத்தான் பேசுவேன்.

ஆகவே, மேலே கண்ட ஆறு குறைகளுக்கும் உன் விளக்கம் ஏதும் இருப்பின், அதை எழுத்து மூலமாக, வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை நான்கு மணிக்குள் எனக்குச் சேர்ப்பிக்கும்படி கோருகிறேன். கால நீட்டிப்புக்கு இடமில்லை. ஐந்து மணிக்கு என்னைப் பேசக் கூப்பிடுவார்கள்.