வெளிச்சத்துக்காகப் போட்ட கூரை

ஓட்டை அடைக்கும் சிலிக்கான் டியூபின் மூக்கை வெட்டியதும் புளித்த வாடை குப்பென்று அடித்தது. ஏணிமேல் நின்றிருந்த எனக்குக் கை ஓடவில்லை. முதன்முதலில் இந்தக் கூரையைப் போட்ட அன்று நீ கட்டிலில் படுத்தபடியே மூக்கைச் சுளித்தாய். "இன்னாங்க இது, ஊறுகா ஜாடி தொறந்த மாதிரி?" என்றாய். நம் இருவருக்கும் அன்று சிரிப்பு வந்தது.

நேற்று சாயங்காலக் காற்றில் பின்பக்கச் சார்ப்பின் ஓர ஷீட் மறுபடியும் தூக்கிக்கொண்டது. தங்கச் சுரங்கம் மூடிய பிறகு, நம் ஊரிகத்தில் இந்த வேலை தெரிந்தவர்கள் எல்லோரும் விடியற்கால ரயிலில் பெங்களூருக்குப் போய்விடுகிறார்கள். நானும் அதே ரயிலில் போகிறவன்தான். இன்று லீவு சொல்லிவிட்டு நானே ஏறினேன். எதிர்வீட்டு ஞானம் அண்ணன் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

நம் லைன் வீட்டில் நடுப்பகலிலும் விளக்கு போட வேண்டும். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொல்லி உன்னை அனுப்பியபோது, அந்த உள்ளறையில்தான் கட்டிலைப் போட்டேன். மறுநாளே நீ சொன்னாய்: "கண்ண மூடினா கேஜ்ல எறங்கிக்கினே போற மாதிரி இருக்குதுங்க. கொஞ்சம் வெளிச்சத்துல போடுங்க என்னை." சுரங்கத்துக்குள் தொழிலாளர்களை இறக்கிய அந்தக் கூண்டில் உன் அப்பா ஆயுள் முழுக்க இறங்கி ஏறியவர். உனக்கு வேறு எந்த இருட்டு நினைவுக்கு வரும்?

அதனால்தான் பின்சுவரில் சாய்த்து, இரும்புக் குழாய் நட்டு, வெளிச்சம் ஊடுருவும் பாலிகார்பனேட் ஷீட் போட்டோம். கட்டில் வாசலில் நுழையவில்லை. கழற்றி வெளியே கொண்டுவந்து மாட்டினேன். நீ மல்லாந்து படுத்து மேலே பார்த்துக்கொண்டே இருப்பாய். "காக்கா நடக்குது பாருங்க, பாதம் மட்டும் தெரியுது" என்பாய். தங்கம் பிரித்தபின் கொட்டிக் குவித்த சைனைடு மேட்டு மண் காற்றில் வந்து படிந்து ஷீட் மங்கினால், நான் தண்ணீர் ஊற்றிக் கழுவுவேன். டாக்டர்களால் முடியாததற்குப் பதிலாக எனக்குச் செய்யக் கிடைத்தது அது ஒன்றுதான்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கோடைமழைக்கு முன்னால் வரும் காற்று சார்ப்புக்கு அடியில் புகுந்து ஷீட்டைத் தூக்கியது. உன் தலைக்கு நேர்மேலே ஸ்க்ரூக்கள் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டன. ஸ்டூலில் ஏறி இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தேன். மழை சாய்வாக வந்து உன்மேல் விழுந்தது. கையை விட்டால் ஷீட் உன் முகத்தில் விழுமோ என்று பயம். விடாவிட்டால் உன்னைத் தூக்க முடியாது. "அண்ணா! ஞானம் அண்ணா!" என்று கத்தினேன். அந்தக் காற்றில் யாருக்குக் கேட்கும்?

நீதான் சொன்னாய்: "உட்டுடுங்க. போவட்டும் அது. எனக்கு நனையறது நல்லாத்தான் இருக்குது. நீங்க எறங்கி வாங்க."

விட்டேன். ஷீட் சுவரைத் தாண்டிப் பறந்து பக்கத்து முருங்கையில் போய் மாட்டியது. உன்னை வாரியெடுத்துக்கொண்டு உள்ளே ஓடினேன். அந்த ஷீட்டை நான் திரும்பப் பொருத்தி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

இன்று முதல் ஸ்க்ரூவை முறுக்கியபோதே ஓட்டையைச் சுற்றி மெல்லிய விரிசல் ஓடியது. "இறுக்காதப்பா. வெயில்ல ஷீட்டு நீளும். ஓட்டைய கொஞ்சம் பெருசா போட்டு, ரப்பர் வாஷர் வெச்சு, லூஸா உட்டுப் புடி" என்றார் அண்ணன் கீழேயிருந்து. அப்படியே செய்தேன். விரிசலில் சிலிக்கான் அப்பினேன். ஷீட்டுக்கு மேலே குறுக்காக ஒரு பட்டை வைத்து, குழாயோடு சேர்த்து முடுக்கினேன். சுவர் ஓரத்தையும் அடைத்தேன். அசைத்துப் பார்த்தேன், நின்றது.

அண்ணன் கீழேயிருந்து கேட்டார்: "கேக்கறேன்னு தப்பா எடுத்துக்காத. இப்ப யாருக்குப்பா இது? கழட்டிட்டு தகரம் அடிச்சா, ஒரு வேலையா முடிஞ்சிடும் இல்ல?"

ஷீட்டில் படிந்திருந்த மண்ணைத் துடைத்துவிட்டு இறங்கினேன். அவர் ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் போன பிறகு கை நடுங்க ஆரம்பித்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் நடுங்கியது. உள்ளறைப் பாயில் உன்னைக் கிடத்திவிட்டுத் துண்டைத் தேடிக்கொண்டிருந்தேன். உன் முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. நீ அதைப் பார்க்கவில்லை. "இன்னாங்க, கை இப்டி ஆடுது? இங்க குடுங்க" என்று என் இரண்டு கைகளையும் வாங்கி உன் நெஞ்சின் மேல் வைத்து, அது நிற்கும்வரை பிடித்துக்கொண்டிருந்தாய்.

இப்போதெல்லாம் ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொள்கிறேன். நடுக்கம் நிற்பதில்லை. ஆனாலும் பிடித்துக்கொள்கிறேன்.