கல்யாணத்துக்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை

கீரமங்கலம்
ஐப்பசி 11, செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் அருண்குமாருக்கு அம்மா எழுதிக்கொண்டது. கத்தாரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க அம்மனை வேண்டிக்கொள்கிறேன். இங்கே அப்பாவும் நானும் தங்கச்சியும் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. ஃபோன் இருக்கும்போது அம்மா ஏன் பேனாவைப் பிடித்தாள் என்று நினைப்பாய். ஃபோனில் எப்படியப்பா பேசுவது? நீ ஸ்பீக்கரில் போடுவாய், பக்கத்துக் கட்டிலில் உதயன் படுத்திருப்பான், இங்கே என் ஃபோனை எடுத்துக் கொடுப்பதே உன் தங்கச்சி பிரகதீஸ்வரிதான். அதனால்தான் எழுதுகிறேன். உன்னோடு வேலை பார்க்கிற பைரோஸ் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அறந்தாங்கியிலிருந்து கிளம்புகிறானாம், அவன் கையில் கொடுத்து விடுகிறேன். கடிதத்தை உதயன் கண்ணில் படாமல் நீ மட்டும் படி.

விஷயம் உன் தங்கச்சியின் ரத்தம்தான். ஆடி மாதம் அவள் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்தில் ரத்ததான முகாம் வைத்தார்கள், இவளும் போய்க் கையை நீட்டியிருக்கிறாள், உனக்கே ரத்தம் இல்லை நீ எங்கே கொடுப்பது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று உன்னிடம் சொன்னேன் அல்லவா. அதற்குப் பிறகு நடந்ததை நான் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே ஒரு லேபில் எடுத்தோம், ரத்த அளவு எட்டே முக்கால் என்றான். அறந்தாங்கியில் எடுத்தோம், பத்து என்றான். ஒன்றுக்கும் நம்பிக்கை இல்லாமல் மூன்றாவதாக ஓர் இடத்தில் எடுத்தோம், ஒன்பதரை என்றான். ஒரே பிள்ளை, ஒரே கை, ஆளுக்கொரு கணக்கு. கேட்டால் எங்கள் மிஷின் சரியாகத்தான் இருக்கிறது என்று மூன்று பேரும் சொல்கிறார்கள். டாக்டர் என்று போனால் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்காமல் இரும்புச் சத்து மாத்திரை எழுதுகிறார். இரண்டு மாதம் விடாமல் விழுங்கினாள். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், ஞாயிறு தவறாமல் அப்பா கறிக்கடையில் சொல்லி வைத்து ஆட்டுச் சுவரொட்டி வாங்கி வருவார், ரத்தம் ஊறும் என்று அதை மிளகு போட்டு வறுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு தின்னு என்று அதட்டி அதட்டி ஊட்டினேன். பிள்ளைக்கு வயிறு கெட்டதுதான் மிச்சம், ரத்தம் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. பக்கத்து வீட்டு முத்துமாரியம்மாள் வேறு வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இப்படித்தான் எங்க ஊர்ல ஒரு புள்ளைக்கு ஆரம்பிச்சுச்சு, கடைசியில ரத்தப் புத்துன்னுட்டாங்க என்று ஒரு குண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

கடைசியில் புதுக்கோட்டையில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அந்த அம்மாதான் பழைய ரிப்போர்ட்டை எல்லாம் வரிசையாக மேஜையில் வைத்துப் படித்தது. இவளுக்கு இரும்புச் சத்து வேண்டிய மட்டும் இருக்கிறது, ரத்த அணுக்கள்தான் சின்னது சின்னதாக இருக்கின்றன, மாத்திரையை உடனே நிறுத்துங்கள் என்று சொல்லி இன்னொரு டெஸ்ட் எழுதியது. அதைச் சென்னைக்கு அனுப்பி ஏழு நாள் கழித்து வந்தது. ஏ2 என்று ஓர் அளவு, மூன்றரைக்குள் இருக்க வேண்டுமாம், உன் தங்கச்சிக்கு ஐந்தரை. தலசீமியா என்று பேர் சொன்னது டாக்டர். பயப்படாதே, அவளுக்கு ஒரு கெடுதலும் இல்லை, புற்றும் இல்லை ஒன்றும் இல்லை, பிறவியிலேயே ரத்தத்தில் இருக்கிற ஒரு குணம், கடைசி வரை இப்படியே ஓடியாடி இருப்பாள் என்று அடித்துச் சொன்னது. பெற்றவர்களுக்கும் எடுங்கள் என்றது, எடுத்தோம். அப்பாவுக்கு இல்லை. எனக்கு இருக்கிறது. பெற்ற பிள்ளைக்கு நான் கொடுத்ததைப் போக்கத்தான் நானே சுவரொட்டி வறுத்துக் கொட்டியிருக்கிறேன், எரிச்சல் வருமா வராதா.

இதோடு போயிருந்தால் உனக்கு எழுதியே இருக்க மாட்டேன். கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதா என்று டாக்டர் கேட்டது. ஆமாம், தையில், மாப்பிள்ளை உதயன் என் சொந்தத் தம்பி நல்லதம்பியின் மகன் என்றேன். அப்படியே பேனாவைக் கீழே வைத்துவிட்டது. மாப்பிள்ளைக்கு இது இல்லையென்றால் தாராளமாகக் கட்டி வையுங்கள். அவருக்கும் இருந்தால், பிறக்கிற ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு இது பெரிய நோயாக வர வாய்ப்பு இருக்கிறது, மாதாமாதம் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கும், அதனால் கல்யாணத்துக்கு முன்னாலேயே அவருக்கும் இதே டெஸ்டை எடுத்துவிடுங்கள் என்றது. அப்போதுதான் எனக்குச் சின்னராசு ஞாபகம் வந்தான். உனக்கு அவனைத் தெரியாது. எனக்கும் உன் மாமாவுக்கும் பின்னால் பிறந்த கடைசித் தம்பி. மஞ்சள் பூசினது மாதிரி வெளுத்துப்போய், வயிறு மட்டும் முன்னால் தள்ளிக்கொண்டு இருக்கும், நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கும், எந்நேரமும் என் இடுப்பில்தான் இருப்பான். மூன்று வயதில் போய்ச் சேர்ந்தான். தெய்வக் குத்தம் என்றார்கள், கிடா வெட்டினார்கள். டாக்டரிடம் சொன்னேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு உறுதியாகச் சொல்ல முடியாதும்மா, ஆனால் இதுவாகவும் இருந்திருக்கலாம், உங்கள் அப்பா அம்மா இரண்டு பேரிடமும் இருந்திருந்தால் உங்கள் இன்னொரு தம்பிக்கும், அவர் வழியாக மாப்பிள்ளைக்கும் இருக்க நிறைய வாய்ப்பு உண்டு என்றது. பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் அழுதேன். அப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமாவைச் சாப்பிட வரச்சொன்னேன். பக்குவமாகத்தான் எடுத்தேன். உதயன் அங்கேயே ஒரு ரத்த டெஸ்ட் எடுத்துவிட்டால் நம் மனசு சமாதானமாக இருக்கும் என்றுதான் சொன்னேன். இலையில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது, கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டான். ஏக்கா, வெளியில சம்பந்தம் பண்ணுனா என்ன ரத்தமோ ஏது ரத்தமோன்னுதானே நமக்குள்ளயே முடிக்கிறோம், ஒன் ரத்தமும் என் ரத்தமும் ஒண்ணுதானே, அதுல என்னத்த டெஸ்ட்டு எடுக்கச் சொல்ற என்று கத்தினான். ஒன்றாக இருப்பதுதானடா இப்போது பயம் என்று சொல்லிப் பார்த்தேன், சின்னராசு பேச்சையும் எடுத்தேன், செத்தவன இதுல இழுக்காத என்று செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான். சாயங்காலம் உன் அத்தை ராஜலட்சுமி ஃபோன் போட்டு, குறை ஒங்க பொண்ணுக்கு அண்ணி, எம் புள்ளைய எதுக்கு ஊசி குத்தச் சொல்றீங்க, பூ வச்சதுக்கப்புறம் பேசுற பேச்சா இது என்று கேட்டாள். இந்தப் பக்கம் உன் அப்பாவிடம் கேட்டால், பாத்துக்கலாம் விடு என்று சொல்லிவிட்டுப் பூ மார்க்கெட்டுக்குப் போய்விடுகிறார். எதைப் பார்த்துக்கொள்வது, எப்போது பார்த்துக்கொள்வது? பேரப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் வரிசையில் நிற்கும்போதா?

அதனால் நீதான் ஒரு வழி சொல்ல வேண்டும். எனக்குத் தோன்றியது இதுதான். கம்பெனியில் மெடிக்கல் என்றோ இன்சூரன்ஸ் என்றோ எதையாவது சொல்லி உதயனைக் கூட்டிப்போய் அந்த ஏ2 டெஸ்டை எடுத்துவிடு. அவனுக்கு எதுவும் தெரிய வேண்டாம். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு மட்டும்

வியாழக்கிழமை. முந்தாநாள் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டேன், மன்னித்துக்கொள். பள்ளிக்கூடம் விட்டு வந்த பிரகதீஸ்வரி பின்னால் நின்று படித்துக்கொண்டே இருந்திருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. கடிதத்தைப் பிடுங்கவும் இல்லை, கத்தவும் இல்லை. எதிரில் உட்கார்ந்து ரொம்ப நிதானமாகக் கேட்டாள். ஏம்மா, பொய் சொல்லி அவங்க ரத்தத்த எடுத்துட்டு, அப்புறம் அந்த மனுஷனோட நான் எப்படிம்மா குடும்பம் நடத்துறது, எனக்கு இருக்குன்னு அவங்களுக்குத் தெரியவே வேணாமா என்றாள். உனக்கு என்னடி தெரியும், பூ வைத்தது நின்றால் ஊர் என்ன பேசும் தெரியுமா என்று கத்திவிட்டேன். பேசிட்டுப் போகட்டும்மா என்று சொல்லிவிட்டு நோட்டுத் திருத்தப் போய்விட்டாள். இரண்டு நாளாக அவளோடு பேசவில்லை. கோபம் எல்லாம் அவள் சொன்னது சரி என்பதால்தான். அவள் பெட்டியில் நிச்சயத்துக்கு எடுத்த புடவை இருக்கிறது, அதை மடித்து மடித்து வைக்கிறாள், அவளுக்கு உதயனைப் பிடிக்கும் என்பது எனக்குத் தெரியாதா.

எனவே மேலே எழுதினதை விட்டுவிடு. யாரையும் ஏமாற்றிக் கூட்டிப்போக வேண்டாம். மறைத்துப் படி என்று சொன்னதையும் விட்டுவிடு. நீ படித்து முடித்ததும் இந்தக் கடிதத்தை உதயன் கையில் கொடு. உதயா, அத்தை எழுதுகிறேன். உன் அப்பாவுக்குத் தெரியாமல்தான் எழுதுகிறேன், அதற்கு அவன் என்னைத் திட்டட்டும், நான் வாங்கிக்கொள்கிறேன். உன் ரத்தத்தில் குறை என்று நான் சொல்லவில்லை, என் ரத்தத்தில் இருக்கிறது என்றுதான் சொல்கிறேன். உன்னிடம் இல்லையென்றால் தையில் கல்யாணம். இருந்தால், நீ லீவில் வா, நீயும் அவளும் டாக்டர் எதிரில் உட்கார்ந்து கேட்டு நீங்களே முடிவு சொல்லுங்கள், பெரியவர்கள் நாங்கள் வாயை மூடிக்கொண்டு வெளியில் நிற்கிறோம். டெஸ்டே எடுக்க மாட்டேன் என்றால் மட்டும் இந்தக் கல்யாணம் இல்லை, என் மகளுக்குக் கல்யாணமே நடக்காமல் போனாலும் சரி. சின்னராசை நான் இடுப்பில் வைத்திருந்தேன், அவன் எடை எனக்கு இன்னும் தெரியும், அதை என் மகள் இடுப்பில் ஏற்ற மாட்டேன்.

இரண்டு பேருக்கும் நீண்ட ஆயுளும் நல்ல குடும்பமும் அமைய அம்மன் துணை நிற்கட்டும். அருண், மறக்காதே, உனக்கும் நான்தான் அம்மா, உனக்கும் இருக்கலாம் என்று டாக்டர் சொன்னது. உனக்கும் நாளைக்குப் பெண் பார்க்க வேண்டும். இதற்கு வெறும் வயிறு வேண்டியதில்லையாம், இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். உதயனை முதலில் உட்கார வைக்காதே. நீ முதலில் கையை நீட்டு.

இப்படிக்கு,
உனக்கு அம்மாவும் உதயனுக்கு அத்தையுமான
பி. அமுதவல்லி